வாணலி நிறையும் வரை: எலெக்ட்ரானிக் சிட்டியில் ஸ்வீட் அண்ட் சவர் சாஸ் பற்றிய ஓர் ஆய்வு

சின்னக் கிண்ணம் அளவுக்கு ஸ்வீட் அண்ட் சவர் சாஸ் செய்யலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தவர் எவரும், சின்னக் கிண்ணத்தோடு முடித்ததாகச் சான்று இல்லை. தக்காளித் தொக்கு கிளறக் கிளறச் சுண்டும். ரசம் நேற்று வைத்த அளவுதான் இன்றும் வரும். இந்தச் சாஸ் ஒன்றுதான் சமைக்கச் சமைக்கப் பெருகுகிறது. மணிமேகலையின் அமுதசுரபிக்குள் இதுதான் இருந்ததோ என்று ஐயுற இடமுண்டு. ஆனால் அதிலிருந்து வாங்கி உண்டவர்கள் பசியாறினார்கள் என்று காப்பியமே சொல்வதால் அந்த ஐயம் தள்ளுபடியாகிறது.

இப்பெருக்கத்தின் காரணம் யாது என்பதே ஆய்வுப் பொருள். களம், பெங்களூரின் தெற்கு விளிம்பில் உள்ள எலெக்ட்ரானிக் சிட்டி. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், ஆர்.கே. பாலிகாவின் தலைமையில், 1970களின் பிற்பாதியில் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்ற இரு கிராமங்களில் 332 ஏக்கரை மின்னணுத் தொழிலுக்கு ஒதுக்கியது. மின்சாரம், சாலை, தண்ணீர் எல்லாம் யோசித்திருப்பார்கள். பின்னாளில் இங்கே வந்து குவியப்போகும் பேச்சிலர்கள் ராத்திரி எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள் என்பதை யோசித்ததாகத் தெரியவில்லை. ஊரை நகரத்தோடு இணைக்க 2010இல் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் மேம்பாலம் வந்தது. 2025 ஆகஸ்ட் 10 அன்று மஞ்சள் தடத்தில் மெட்ரோவும் வந்தது. சமையலறை மட்டும், ஒருவர் நின்றால் இன்னொருவர் வாசலில் நின்றே யோசனை சொல்ல வேண்டிய அகலத்திலேயே இருக்கிறது. இந்த அகலம் பின்னால் முக்கியமாகும்.

வெள்ளிக்கிழமை மாலை ஆனால் ஊரில் ஒரு பாதி ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று பஸ் ஏறிவிடும். டிக்கெட் கிடைக்காதவர்கள், சனிக்கிழமை புரொடக்ஷன் ரிலீஸில் மாட்டிக்கொண்டவர்கள், ஊருக்குப் போனால் பெண் பார்க்கும் பேச்சை எடுப்பார்களே என்று அஞ்சுபவர்கள் ஆகியோர் நீலாத்ரி ரோட்டுச் சந்துகளில் தங்கிவிடுவார்கள். இவர்கள் ஸ்பிரிங் ரோல் ஆர்டர் செய்கிறார்கள். ரோல் எட்டு வரும். கூடவே மூடி போட்ட கிண்ணி ஒன்றில், இரண்டரை ரோலுக்குப் போதுமான சாஸ் வரும். மீதி ஐந்தரை ரோலுக்கு என்ன வழி என்ற வினாவிலிருந்தே இந்தத் துறை பிறந்தது.

மூலப்பொருள்களுக்கு யாரும் கடைக்குப் போவதில்லை. டிராயரைத் திறக்கிறார்கள். மேல் அடுக்கில் இந்த மாதத்துக் கெட்சப் பாக்கெட்டுகள். அதற்குக் கீழே மிளகாய்த் தூளும் ஒரிகானோவும். அதற்கும் கீழே, முன்பு குடியிருந்தவர்களின் காலத்தைச் சேர்ந்த சோயா சாஸ் பாக்கெட்டுகள். மூலைகளில் உப்புப் பூத்து, ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் கிழியும் நிலையில் கிடக்கும். கீழடியில் குழி தோண்டியவர்களுக்கு இருந்த பொறுமை இங்கேயும் வேண்டும். பல்லால் கடித்துப் பிரிப்பது களப்பணி மரபுக்கு விரோதம் என்றாலும், கத்தரிக்கோல் இன்றுவரை எந்த அடுக்கிலும் அகப்படவில்லை.

இங்கே ஒரு தடை எழும். கெட்சப் என்பதே தக்காளி, சர்க்கரை, வினிகர், உப்பு சேர்ந்த பண்டம். அதாவது அதுவே ஓர் இனிப்புப் புளிப்புச் சாஸ். அதில் மறுபடி சர்க்கரையும் வினிகரும் சேர்ப்பது, நன்னூலார் விலக்கிய பத்துக் குற்றங்களில் ‘கூறியது கூறல்’ ஆகாதோ எனின், ஆகும். இனிப்பையும் புளிப்பையும் ஒரே வாயில் வைப்பது ‘மாறுகொளக் கூறல்’ ஆகாதோ எனின், அதுவும் ஆகும். நூலுக்குக் குற்றமாவது குழம்புக்குக் குணமாகலாம் என்று அமைக. இலக்கணப்படி சமைத்தால் இட்லிதான் மிஞ்சும்.

இனி விதி.

“புளிக்கின் இனிப்பும் இனிக்கின் புளிப்பும்
அளிக்கும் கையால் அட்டது பெருகும்;
கலங்கொள் அளவே சாற்றின் அளவே.”

என் நுதலிற்றோ எனின், சாஸ் எப்போது முடியும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. புளித்தால் சர்க்கரை போடுவர். அதனால் இனித்தால் வினிகர் விடுவர். அதனால் புளித்தால் மீண்டும் சர்க்கரை. ருசி சரியாகி யாரும் நிறுத்துவதில்லை. பாத்திரத்தில் இடமில்லாமல்தான் நிறுத்துகிறார்கள் என்பது பெற்றாம்.

உரை போதாது, காட்சியும் வேண்டும். வாணலியில் கெட்சப்பும் சர்க்கரையும் தண்ணீரும் கொதிக்கின்றன. வினிகர் பாட்டிலை எடுத்துப் பார்த்தால் ‘சிந்தெடிக், அசெட்டிக் ஆசிட்டிலிருந்து தயாரித்தது’ என்று எழுதியிருக்கும். சட்டப்படி எழுதியே ஆக வேண்டும். அதை ஊற்றியதும் எழும் ஆவி மூக்கு வழியே நேராக மூளைக்குப் போகும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கவேண்டிய ஓட்டையில் அட்டை செருகியிருப்பதால், இருமல் ஹாலில் இருப்பவர் வரைக்கும் பரவும். அடுத்து, குளிர்ந்த தண்ணீரில் கரைத்த கார்ன்ஃப்ளார். வெள்ளைக் கோடாக இறங்குகிறது. சாஸ் முதலில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டதுபோல் கலங்கும். கரண்டி நாலைந்து சுற்றுப் போவதற்குள், எங்கிருந்தோ பளபளப்பு வந்து ஏறும். கண்ணாடிபோல் அடி தெரியும். பொடிக்குமிழிகள் நின்று, பெரிய குமிழி ஒன்று சோம்பலாக எழுந்து ‘ப்ளக்’ என்று வெடித்து முழங்கையில் தெறிக்கும். கட்டுரையாளருக்கு இதைவிட அழகான காட்சி அந்தச் சமையலறையில் தெரியாது. அப்போது வாசலில் நிற்பவர் விரலை நீட்டித் தொட்டு நக்குகிறார்.

“மச்சான், புளிப்பு தூக்கலா இருக்குடா.”

“சர்க்கரை போடவா?”

“போடு... ஐயோ, இப்ப பாயசம் மாதிரி ஆயிடுச்சு.”

சமையலறை அகலமாக இருந்திருந்தால் இவர் உள்ளே வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். வேலை இல்லாத நாக்கு தீர்ப்பு எழுதத்தான் செய்யும்.

நாக்கின் மீது முழுப் பழியையும் போடுவதற்கில்லை. இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று அமுக்கும் இயல்பின. சர்க்கரை போட்டால் வினிகர் எங்கும் போய்விடாது, மறைந்து நிற்கும்; அவ்வளவுதான். சூடும் குழப்பும். ஆறிய பண்டத்தில் இனிப்பு மங்கித் தெரியும். ஐஸ்கிரீம் உருகினால் திகட்டுவது இதனால்தான். அடுப்பில் கச்சிதமாக இருந்த சாஸ் ஃபிரிட்ஜிலிருந்து வரும்போது புளிப்பதும் இதனால்தான். பதமும் பொய் சொல்லும். மாவுச்சத்து ஆற ஆறத்தான் இறுகும். சூட்டில் ‘தண்ணியா இருக்கே’ என்று இன்னொரு ஸ்பூன் கார்ன்ஃப்ளார் கரைத்து விட்டவர், அரை மணி நேரம் கழித்து அதை வில்லை போடலாம்.

ஊரின் உயரமே காரணம் என்றொரு கட்சி உண்டு. பெங்களூரு கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர். இங்கே தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ஆகவே சென்னை அளவுகள் இங்கே செல்லா என்பது அவர்கள் வாதம். பருப்பு வேகாததற்கு இதைச் சொல்லித் தப்பலாம். சோள மாவுச்சத்து 62 முதல் 72 டிகிரிக்குள் இளகிக் கெட்டிப்பட்டுவிடுவதால், சாஸுக்கு இந்தச் சாக்கு செல்லாது. வினிகரை ஊற்றிவிட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் அமிலம் மாவுச்சத்தை அறுத்து நீர்க்கவைக்கும் என்பதுதான் உண்மையான ஆபத்து. அதனால் வினிகரைக் கடைசியில் விடுவதே நன்று.

இனி வரலாறு. சாஸ் சீனத்திலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. கான்டனீஸ் சமையலில், பொரித்த பன்றி இறைச்சிக்குச் சர்க்கரையும் வினிகரும் கூடிய சாறு ஊற்றுவது பழைய வழக்கம். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் டோங் அச்சியூ என்ற சீனர் கல்கத்தாவுக்குத் தெற்கே பஜ்பஜ் அருகில் கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை வைத்தார். அந்த இடம் இன்றும் அச்சிப்பூர். கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975இல் பம்பாய் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாய், சோயா, கார்ன்ஃப்ளார் என்று கலந்து கோழி மஞ்சூரியன் செய்தார். கோழி காலப்போக்கில் காலிஃபிளவராகி, பெங்களூரின் தள்ளுவண்டிகளுக்கு வந்து சேர்ந்தது. சீனக் கட்சியின் வாதம் இத்துடன் முடிகிறது.

தகடூர்க் கட்சி இதை ஏற்காது. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44இல் ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி நூறு கிலோமீட்டர் சொச்சம் போனால் தருமபுரி, பழைய தகடூர். அதியமானின் முன்னோர் இந்நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் என்பது புறநானூற்றில் ஔவையார் வாக்கு. அதே ஔவைக்கு அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்தது நெல்லிக்கனி. குடும்பத்தில் கரும்பு, கையில் நெல்லி! இரண்டையும் ஒரே வாணலியில் போட அன்று ஆள் இல்லாமற்போனதால் பெருமை கான்டனுக்குப் போய்விட்டது. அதுவும் நெல்லி, வாணலியே கேட்காத பழம். கடித்தால் புளிக்கும், மேலே தண்ணீர் குடித்தால் தானே இனிக்கும். போதாதற்கு அதே சாலைப் பக்கம்தான் கிருஷ்ணகிரியின் புளியும் மாம்பழமும் ராயக்கோட்டைத் தக்காளியும். கட்டுரையாளர் இக்கட்சியின் பக்கம் சாய்கிறார். சொந்த ஊர் கிருஷ்ணகிரி என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இது ‘மற்றொன்று விரித்தல்’ என்பாரும் உளர், விரித்தாயிற்று.

நிறத்தைப் பற்றி ஒரு வரி. வீட்டுச் சாஸ் ஒருநாளும் வண்டிக்கடைச் சிவப்பில் வராது. செங்கல் நிறத்தில் ஆரம்பித்து, சோயா கூடக்கூடப் புழுதி நிறத்துக்குப் போகும். முன்பு இது குறையாகக் கருதப்பட்டது. 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கக் கர்நாடக அரசு தடை போட்ட பிறகு, புழுதி நிறமே சட்டத்துக்கு உட்பட்ட நிறம் என்று அறைகளில் தலைநிமிர்ந்து பரிமாறுகிறார்கள்.

பெருக்கத்தின் காரணத்துக்கு வருவோம். கர்நாடகக் கல்யாணப் பந்தியில் அன்னாசிக் கொஜ்ஜு பரிமாறுவார்கள். அன்னாசியும் புளியும் வெல்லமும்தான் அடிப்படை. நம் வீட்டில் சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடி; புளிக்கும் மாங்காய், வெல்லம். இரண்டும் இனிப்புப் புளிப்புச் சாறுகளே. ஆயினும் பச்சடி கிண்டிய பாட்டி எவரும் அண்டா நிறையும்வரை கிண்டவில்லை. ஏன்? கொஜ்ஜில் வறுத்த எள்ளும் மிளகாயும் தேங்காயும் அரைத்துவிடுகிறார்கள். பச்சடியில் மிளகாயும் கடுகும் வேப்பம்பூவும் தாளித்துக் கொட்டுகிறார்கள். இரண்டிலும் உப்பு கட்டாயம். இனிப்பும் புளிப்பும் மட்டும் தனியே நின்று வழக்காட அங்கே விடுவதில்லை.

நம் அறையில் நடப்பதைப் பார்க்கலாம். கெட்சப்பிலும் சோயாவிலும் உப்பு இருக்கிறதே என்று யாரும் உப்பு டப்பாவைத் தொடுவதில்லை. தொடக்கத்தில் அது போதுமானதாகத்தான் இருக்கும். பிறகு திருத்தம் நடக்கும்போதெல்லாம் சர்க்கரை கூடுகிறது, வினிகர் கூடுகிறது, தண்ணீர் கூடுகிறது. உப்பு மட்டும் போட்ட அளவிலேயே நின்று நீர்த்துப்போகிறது. சாஸ் சப்பென்று ஆகிறது. வாசலில் நிற்பவரின் நாக்கு அந்தச் சப்பையைப் ‘புளிப்பு பத்தல’ என்றோ ‘இனிப்பு பத்தல’ என்றோ மொழிபெயர்க்கிறது. திருத்தம் தொடர்கிறது, உப்பு இன்னும் நீர்க்கிறது. பாயசத்துக்கே ஒரு சிட்டிகை உப்பு போடும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் இவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஆகவே செய்முறை வருமாறு அமைக. கெட்சப் மூன்று மேஜைக்கரண்டி, சர்க்கரை மூன்று, சோயா சாஸ் ஒன்று, தண்ணீரோ அன்னாசிச் சாறோ அரைக் கப். பொடியாக நறுக்கிய இஞ்சி பூண்டை எண்ணெயில் வதக்கி, இவற்றை ஊற்றிக் கொதி வந்ததும், ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளாரைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துவிட்டு, பளபளப்பு ஏறியவுடன் வினிகர் இரண்டு மேஜைக்கரண்டி. அடுப்பை அணைக்க. ருசி சரியில்லை என்று தோன்றினால் முதலில் ஒரு சிட்டிகை உப்பு. கலக்கி, ஆறவிட்டு, பிறகே மறு தீர்ப்பு. வாசலில் நிற்பவர் கையில் ஒரு வெங்காயம் கொடுத்து அனுப்பிவைக்க.

இந்த விதி வகுக்கப்படுவதற்கு முன்பே செய்து வைத்த சாஸை என்ன செய்வது எனின், அது ஃபிரிட்ஜில் குக்கர் பாத்திரத்தில் தட்டு போட்டு மூடி இருக்கிறது. ஞாயிறு சப்பாத்திக்கு ஆயிற்று, திங்கள் தோசைக்கு ஆயிற்று. புதன்கிழமை வாக்கில் மாவுச்சத்து இறுகி நீரைக் கக்கிவிடும். மேலே தண்ணீரும் கீழே கூழுமாகப் பிரிந்து நிற்கும். மறுபடி சூடு பண்ணிக் கலக்கினால் ஓரளவு சேரும் என்பர் ஒருசாரார். அடுப்பில் ஏற்றினால் யாராவது வந்து விரலை விட்டு ருசி பார்ப்பார். பார்த்தவர் சும்மா போகமாட்டார். எனவே தண்ணீரை வடித்துவிட்டு, தயிர்சாதத்துக்கு அப்படியே தொட்டுக்கொள்க.