கவுண்டர்ப் பேனாவும் ராஃபியா கயிறும்: ஒரு நூலகவியல் ஆராய்ச்சி

பினாங்கு நூலகம் கண்டது 1817-இல். இருநூறு ஆண்டு தாண்டியும், நூலகக் கவுண்டரில் ஒரு பேனாவைச் சாயங்காலம் வரை நிறுத்திவைக்கும் வித்தை இந்தத் தீவுக்குக் கைவரவில்லை. பேரறிஞர்கள் கைவிட்ட இத்துறையில், கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே தேய்ந்த நாற்காலி ஒன்றையே தகுதியாகக் கொண்டு நான் இறங்குகிறேன்.

முதலில் வரலாறு. இடைக்கால ஐரோப்பாவில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டினார்கள். இங்கிலாந்தின் ஹெரஃபோர்ட் தேவாலயத்தில் அந்தச் சங்கிலிகள் இன்றும் தொங்குகின்றன. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டபோது, முதல் விதியை விளக்க அந்தச் சங்கிலியைத்தான் பிடித்து இழுத்தார். புத்தகம் விடுதலையானது. சங்கிலி என்ன ஆயிற்று என்று எவரும் கேட்கவில்லை. அது பேனாவின் காலுக்கு வந்துவிட்டது. எங்கள் ஊரில் அதன் பெயர் ராஃபியா கயிறு, நிறம் சிவப்பு.

கட்டும் முறை எளிது. பேனாவின் வாலில் கயிற்றைச் சுற்றி, மேலே செலோடேப் ஒட்டி, மறுமுனையை மேசைக் காலில் முடிய வேண்டும். சிக்கல் கயிற்றின் நீளத்தில். நீளமாக விட்டால் பேனா பக்கத்து ஆளின் கைப்பையில் குடியேறுகிறது. குட்டையாக விட்டால், உறுப்பினர் பாரம் நிரப்ப வந்த பாட்டி எனக்குக் கும்பிடு போடுவதுபோல் குனிய வேண்டியிருக்கிறது. இடக்கைக்காரரைப் பற்றி இக்கட்டுரை பேசாது; அவர்கள் பட்ட பாடு தனி நூலுக்கு ஆகும்.

“அண்ணே, பேனா இருக்கா?”

“காலையில இருந்துச்சு, தங்கச்சி.”

இந்த உரையாடல் நடக்கும் நேரமெல்லாம் ரங்கநாதனின் நான்காம் விதிக்கு விரோதம். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்கிறது அது.

ஆனால் மக்களைத் திருடர் என்பது ஆராய்ச்சி ஆகாது. தண்ணீர்மலையில் செருப்பைக் கழற்றிவிட்டு 513 படி ஏறி, முருகனைப் பார்த்து, ஆற அமர இறங்கி வருகிறேன். செருப்பு போட்ட இடத்திலேயே கிடக்கிறது. அதைக் கட்டிவைத்தவர் யாருமில்லை. அதே மக்கள்தான் மறுநாள் என் கவுண்டருக்கும் வருகிறார்கள். ஆகவே குற்றம் ஆளிடம் இல்லை, பொருளிடம்.

இங்கே சொல்லாராய்ச்சி கைகொடுக்கிறது. ‘பேனா’ போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். நாமும் எடுத்துக்கொண்டோம், மலாய்க்காரரும் ‘பேனா’ என்றே எடுத்துக்கொண்டார்கள். மூலத்தில் அதற்குப் பொருள் இறகு. இறகு பறக்காமல் என்ன செய்யும்? எழுதுகோல் என்று நம் பெயரிலேயே அழைத்திருந்தால், கோல் வைத்த இடத்தில் கிடந்திருக்கும் என்பது என் துணிபு. மறுப்போர் மறுக்கலாம்.

விதிவிலக்கு ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. ஒரு மதியம் பேனா மேசைமேல் சமர்த்தாகப் படுத்திருந்தது, கயிற்றைக் காணோம். வெகுநாள் குழம்பினேன். பிறகு மாமாக் கடையில் பிளாஸ்டிக் பையில் தே ஓ ஐஸ் வாங்கி, அதன் வாயை ஓரமாகச் சேர்த்துக் கட்டியிருந்த சிவப்பு ராஃபியாவைப் பார்த்ததும் தெளிந்தேன். கயிற்றுக்கும் இந்த ஊரில் தேவை இருக்கிறது.

2016-இல் பினாங்கில் மின்னூலகம் வந்தது. அங்கே பேனா வேண்டாம், சார்ஜர் வயர் போதும். அந்த வயர் யார் பையில் ஏறுகிறது என்பதை அடுத்த தலைமுறை ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

எங்கள் கவுண்டருக்கு வருகிறவர்கள் சொந்தப் பேனா கொண்டுவரவும். நான் இதை எழுதிய பேனாவின் வாலில் அரை விரல் நீளத்துக்கு ராஃபியா ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிறம் நீலம். எங்கள் நூலகத்தில் நீல ராஃபியா வாங்கியதே இல்லை.