ஐரோப்பிய ஆணையர் சமூகத்துக்கு ஒரு மனு

பெறுநர்: போக்குவரத்து ஆணையர் அவர்கள், ஐரோப்பிய ஆணையம், பிரஸ்ஸல்ஸ்.

பொருள்: நாலைந்து நாடுகளை ரயிலில் மலிவாகக் கடக்க முயன்றது – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: ஒரே தளத்தில் ஒரே டிக்கெட் என்று 2024 ஜூலையில் ஆணையத் தலைவர் அளித்த வாக்குறுதி.

மதிப்புக்குரிய ஐயா,

புகார்க் கடிதம் என்று ஓரங்கட்டிவிடாதீர்கள். நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். மலிவாக ஒரு டிக்கெட் எடுக்க உட்கார்ந்தவன், எழுந்திருக்கும்போது புவியியலும் ஒப்பந்தச் சட்டமும் ஓரளவு கற்றிருந்தேன். இந்தக் கல்விக்குத் தாங்கள் கட்டணம் வாங்கவில்லை. கட்டணமெல்லாம் டிக்கெட்டுக்குத்தான்.

லிஸ்பனையும் மாட்ரிடையும் எடுத்துக்கொள்வோம். அண்டை நாடுகளின் தலைநகரங்கள். இரு நாடுகளும் 1986 ஜனவரி 1 அன்று, ஒரே நாளில், தங்கள் குடும்பத்தில் சேர்ந்தவை. இரண்டுக்கும் நடுவே ஓர் இரவு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றைக் காட்டி நிறுத்தினார்கள். தொற்று போய்விட்டது, ரயில் திரும்பவில்லை. இப்போது எல்லையோரம் படாஹோஸில் ஒரு மாற்றம், என்ட்ரொன்காமென்ட்டோவில் இன்னொரு மாற்றம் என்று பகல் முழுவதும் ஏறி இறங்க வேண்டும். விமானத்தில் ஒரு மணி நேரம் சொச்சம். அந்த விமானம் குடிக்கும் எரிபொருளுக்கு வரியும் கிடையாது. ஆனாலும் பூமியைக் காக்க நாங்கள் ரயிலில்தான் போக வேண்டும் என்று தாங்கள் சுவரொட்டி அடிக்கிறீர்கள். போகிறோம் ஐயா, போகிறோம்.

2021-ஐ ஐரோப்பிய ரயில் ஆண்டாக அறிவித்தீர்களே, நினைவிருக்கிறதா? அதைக் கொண்டாட ஒரு சிறப்பு ரயில் விட்டீர்கள். செப்டம்பர் 2-ஆம் தேதி லிஸ்பனில் கிளம்பி, 26 நாடுகளைச் சுற்றி, அக்டோபர் 7-ஆம் தேதி பாரிஸ் வந்து சேர்ந்தது. ஒரு ரயில் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அவை மூன்று ரயில்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் தண்டவாளத்தின் அகலம் 1,668 மில்லிமீட்டர், நடு ஐரோப்பாவில் 1,435, பால்டிக் நாடுகளில் 1,520. ஒற்றுமையைக் காட்டக் கிளம்பிய வண்டியை, தண்டவாள அகலம் மாறும் எல்லை வரும்போதெல்லாம் மாற்றிக்கொண்டே போனீர்கள். ஊர்வலத்தில் தேர் மாறலாம், சாமி மாறாது என்று பக்தர்கள் சமாதானம் அடைந்திருப்பார்கள். எனக்கு வேறொரு சந்தேகம்தான்: அந்தப் பயணத்துக்கு யாராவது டிக்கெட் எடுத்தார்களா? எடுத்திருந்தால் எத்தனை தளங்களில் எடுத்தார்கள்? விவரம் தந்தால் நானும் அதே வழியைப் பின்பற்றுவேன்.

தங்கள் ஆட்சியில் மனித வளர்ச்சியும் விரைவாக நடக்கிறது. ஜெர்மன் ரயிலில் பெற்றோருடன் வரும் பிள்ளைக்கு 14 வயதுவரை காசு இல்லை. பிரெஞ்சு ரயிலில் 12 வயது ஆகிவிட்டால் குழந்தைக் கட்டணம் போயிற்று. தனித்தனி டிக்கெட்டில் போனால், ஜெர்மன் பக்கத்துக் கெல் நிலையத்தில் குழந்தையாக இருந்த 13 வயதுப் பையன் ரைன் பாலத்தைத் தாண்டி ஸ்ட்ராஸ்பூரில் பெரிய ஆளாகிவிடுவான். மீசை பிறகு வரும்.

விலை விஷயம் இன்னும் ரசமானது. பெர்லினிலிருந்து பிராகுக்கு ஒரு ரயில். அதே வண்டி, அதே இருக்கை. செக் ரயில்வேயிடம் வாங்கினால் ஒரு விலை, ஜெர்மன் ரயில்வேயிடம் வாங்கினால் பல நாட்களில் அதைவிட அதிகம். தெரிந்தவர்கள் இதைச் சித்த வைத்தியக் குறிப்புபோல ஒருவர் காதில் ஒருவர் ஓதிக்கொள்கிறார்கள். இந்த வித்தைகளை உலகுக்கு இலவசமாகக் கற்றுத்தருபவர் மார்க் ஸ்மித் என்ற ஆங்கிலேயர். லண்டன் சேரிங் கிராஸ் நிலையத்தில் மேலாளராக இருந்தவர், 2001 முதல் இணையத்தில் ஒற்றை ஆளாக வழிகாட்டுகிறார். ஒன்றியத்துக்குள் ரயிலேற எங்களுக்கு வழி சொல்பவர், ஒன்றியத்தை விட்டு வெளியேறிய நாட்டுக்காரர். தாங்கள் அவருக்கு ஒரு சால்வையாவது போர்த்தலாம்.

பாஸ் வாங்கிக்கொள் என்பீர்கள். 1972-இல் பிறந்த இன்டர்ரெயில் பாஸ் இன்று 33 நாடுகளில் செல்லும். தேர்வாகும் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 2018 முதல் தாங்களே அதை இலவசமாகத் தருகிறீர்கள்; நல்ல காரியம், பகடியில்லாமல் சொல்கிறேன். ஆனால் பாஸைக் கையில் வைத்திருப்பவன் டிஜிவி, யூரோஸ்டார் போன்ற அதிவேக ரயில்களில் இருக்கைக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள் தீர்ந்துவிட்டால், காலி இருக்கையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நடைமேடையில் நிற்கலாம்.

இதெல்லாம் பொழுதுபோகாத சுற்றுலாக்காரனின் கவலை என்று நினைக்க வேண்டாம். 1983-க்குப் பிறகு சிதறிய ஈழத்துக் குடும்பங்களைக் கேட்டுப்பாருங்கள். தாய்மாமன் பாரிஸில், பெரியம்மா சூரிச்சில், மணப்பெண் டென்மார்க்கில். முகூர்த்தம் காலை ஆறரைக்கு. வழியில் வண்டி மாற வேண்டிய ஹாம்பர்க்குக்கு வரும் முதல் ரயில் 40 நிமிடம் தாமதம். 2023 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள தங்கள் விதிப்படி 60 நிமிடம் தாமதமானால்தான் கட்டணத்தில் 25 சதவீதம் திரும்பும். ஆகவே முதல் நிறுவனம் குற்றமற்றது. இரண்டாவது ரயில் நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. அதற்குப் பாராட்டுதான் தர வேண்டும். தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட் சட்டத்தின் பார்வையில் இரண்டு பயணம். எல்லோரும் சட்டப்படி சரி. பட்டுச்சேலையோடு நடைமேடையில் நிற்கும் பெரியம்மா மட்டும்தான் தவறு. தாமதத்துக்கு ஊழியரிடம் ஒரு சான்று வாங்கிக் காட்டினால் அடுத்த வண்டியில் ஏற்றிக்கொள்ளச் சில ரயில்வேக்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. அது கருணை, உரிமையல்ல. அந்த ஊழியரை எந்த மொழியில் கேட்பது என்பது பெரியம்மாவின் கவலை.

தங்கள் பக்கத்து வீடான ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பிரஸ்ஸல்ஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூர் கூட்டத்துக்குப் போக அவர்களுக்கென்றே வாடகை ரயில் உண்டு. வண்டி மாற வேண்டாம், எல்லையில் பெருமூச்சு விட வேண்டாம். 2023 அக்டோபரில் அந்த ரயில் தடம் மாறிப் பாரிஸின் டிஸ்னிலேண்ட் நிலையத்துக்குப் போய்விட்டது. அவர்களும் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் கோமாளி உலகத்தின் வாசல்வரை போனதற்கு யாரும் புது டிக்கெட் வாங்கவில்லை.

நான் தண்டவாளம் கேட்கவில்லை ஐயா. 2040-க்குள் அதிவேகப் பாதைகள் என்று 2025 நவம்பரில் திட்டம் வெளியிட்டீர்கள். அதில் என் பேரன் ஏறட்டும். டிக்கெட்டுக்கு ஜல்லி கொட்ட வேண்டியதில்லை, மலையைக் குடைய வேண்டியதில்லை. இரண்டு கம்பெனி விமானங்களை ஒரே டிக்கெட்டில் கோத்து, முதலாவது தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் வழக்கம் எத்தனையோ காலமாக இருக்கிறது. ரயில்வேக்கள் தங்கள் விலைப்பட்டியலை எல்லா விற்பனையாளர்களுக்கும் திறந்துவிட வேண்டும். இணைப்பு தவறினால் பயணியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. இரண்டே வரி.

அந்த இரண்டு வரி சட்டமாகி நடைமுறைக்கு வரும்வரை, இடைக்கால நிவாரணமாக ஒன்று கோருகிறேன். ஆணையர்கள் 27 பேரும் அடுத்த விடுமுறைக்கு லிஸ்பன் செல்ல வேண்டும். செயலாளரோ வாகனமோ கூடாது. சொந்தக் கடன் அட்டையில், ஆக மலிவான, பணம் திரும்பாத டிக்கெட்டுகளைத் தாங்களே எடுக்க வேண்டும். பாரிஸில் நிலையம் மாறும் இடைவெளியில் பசித்தால், கார் தியூ நோர் நிலையத்துக்குப் பின்னால் லா சப்பலில் நல்ல தோசை கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
இரண்டாம் வகுப்புப் பயணி.

நகல்: நிலைய மேலாளர், டிஸ்னிலேண்ட் – தகவலுக்கும், தேவைப்படின் வரவேற்பு ஏற்பாட்டுக்கும்.