சர்க்கரை போடுற பதம்

இன்னா பேராண்டி, தோள்ல பட்டன் தெச்சிக்கினு வந்திருக்க? சட்டைக்குத் தைக்க வேண்டியதை டெய்லரு உன் சதையிலயே தெச்சிட்டானா?

சென்சாராம். சர்க்கரையை நிமிஷத்துக்கு நிமிஷம் போனுக்குச் சொல்லுமாம். சரி, அது சொல்லி நீ இன்னா பண்ண? ஆம்பூர்ல எறங்குன. ஒரு பிளேட் பிரியாணி, எண்ணெய்க் கத்திரிக்கா, தயிர்ப் பச்சடி. கோடு மேல ஏற ஏற, அதைப் போட்டோ புடிச்சி சிநேகிதனுக்கு அனுப்புன. வெள்ளம் எத்தினி அடின்னு அளந்தவன் வீட்டுச் சாமானை எடுத்து வெச்சானா, இல்லியா?

நான் நாப்பது வருஷம் டேனரியில தோலோட பொழங்குனவன். படிப்பு கம்மி. ஆனா எங்க கெமிஸ்ட் ஐயா, சாயங்காலம் டீ குடிச்சிக்கினு, கேட்டதுக்கும் கேக்காததுக்கும் பாடம் நடத்துவாரு. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரையும் உட்டு வெக்கல அந்த மனுசன். அவரு சொன்னது தான் இது. உன் பட்டனுக்கு அடியில மயிராட்டம் ஒரு கம்பி கீதே, அது ரத்தத்தைத் தொடுறதே இல்ல. தோலுக்கு அடியில ஊறுற நீரைத்தான் ருசி பாக்குது. அதான் ரத்தத்துல நடக்கிறது போனுக்கு வர கொஞ்ச நேரம் பிந்துது. ருசி பாக்குற நாக்கு குளுக்கோஸ் ஆக்சிடேஸ்னு ஒரு நொதி. அதைப் பெரும்பாலும் அஸ்பர்ஜில்லஸ் நைஜர்ங்கிற கறுப்புப் பூஞ்சணத்துல இருந்து எடுக்கிறாங்களாம். ஐப்பசி மழையில காயாத தோல் மேல படருமே, அந்தச் சாதி! அதைத் தொடைக்கலைன்னு மேஸ்திரிகிட்ட நாங்க ஏச்சு வாங்குனோம். நீ காசு குடுத்து ஒட்டிக்கினு வந்திருக்க.

கணக்கு ஒண்ணு கேக்குறேன். உன் உடம்புல சுமாரா அஞ்சு லிட்டர் ரத்தம். நல்லா கீற மனுசனுக்கு வெறும் வயித்துல அதுல கரைஞ்சிருக்கிற குளுக்கோஸ் எவ்ளோ? ஒரு படி? ஒரு ஆழாக்கு? அஞ்சு கிராம் கூட தேறாதுப்பா. ஒரு டீஸ்பூன்! அந்த ஒரு ஸ்பூன் ஏறாம எறங்காம இருக்கத்தான் கணையமும் ஈரலும் ராப்பகலா மாரடிக்குது. நீ துன்ன பிளேட்ல அதைப்போல பத்து மடங்குக்கு மேல மாவுச்சத்து. சீரகசம்பா பொடி அரிசியாம், அதனால சர்க்கரையும் பொடிசாத்தான் இருக்குமாம்! யாருடா சொன்னா உனக்கு? வெறுஞ்சோத்தை ஒரு வாய் போட்டு முழுங்காம மென்னுக்கினே இரு. இனிக்கும். எச்சிலே மாவை அறுத்துச் சர்க்கரையாக்க ஆரம்பிச்சிடுது.

அப்புறம் உங்க வீட்டு டப்பா. வெள்ளைச் சர்க்கரை விஷம், நாட்டுச் சர்க்கரை அமிர்தம், கருப்பட்டி மருந்து. பெரும்பகுதி மூணும் ஒரே சுக்ரோஸ் தான். ஒரு குளுக்கோசும் ஒரு ஃப்ரக்டோசும் கைகோத்துக்கினு நிக்கிறது. சிறுகுடல்ல கையைப் பிரிச்சு உட்டுடுவாங்க. அங்க எவனும் கலர் பாக்குறதில்ல. பழுப்புச் சட்டை போட்டா திருடன் போலீஸ் ஆயிடுவானா?

ஆவாரம்பூ டீ வேற. கண்ணாடி ஜாடியில, ரிப்பன் கட்டி. ஆவாரம்பட்டை எங்களுக்கு வண்டி வண்டியா வரும், தோலை ஊறப்போட. கூடவே கடுக்கா. கடுக்காயோட துவர்ப்பைப் பிரிச்சுப் பாத்தா நடுவுல குந்திக்கினு கீறது ஒரு குளுக்கோஸ் தான்னு கெமிஸ்ட் ஐயா சொன்னப்போ நான் நம்பல. அதைச் சுத்தித்தான் காலிக் அமிலம் மாதிரி துவர்ப்பெல்லாம் கொத்தா தொங்குதாம். க்ரோம் வந்த காலத்துலயும் சர்க்கரை உடல. பைக்ரோமேட்டுல ஆசிட்டைச் சேத்து வெல்லப்பாகை ஊத்துனா கொதிச்சுப் பொங்கும். ஆரஞ்சு கலரு கரும்பச்சையா மாறும். அதுக்கப்புறம்தான் தோல்ல புடிக்கும்.

இதையெல்லாம் ஏன் சொல்றேன்? பதம் போடுறதுன்னா இன்னா? தோல்ல கீற கொலாஜன் நாரை ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போடுறது. க்ரோம் வேணாங்கிற வெளிநாட்டுக்காரனுக்கு குளூட்டரால்டிஹைடுல போட்டுக் குடுக்கிறாங்க. குளுக்கோசுக்கும் ஒரு மூலையில அந்த ஆல்டிஹைடு கொக்கி கீது. ரத்தத்துல மிஞ்சிப் போனா சும்மா சுத்தாது. கையில கெடைச்ச புரதத்துல மாட்டிக்கும். சிவப்பணுவுல மாட்டுனா அதுக்குப் பேரு ஹெச்பிஏ1சி. சிவப்பணு ஆயுசு 120 நாள். அதனால அது மூணு மாசத்துக் கணக்கைச் சொல்லிடும். 6.5க்கு மேல போனா டாக்டரு கண்ணாடியைக் கழட்டிட்டு உன்னைப் பாப்பாரு. டெஸ்டுக்கு மொத நாள் மட்டும் பட்டினி கெடந்து அந்தக் கணக்கை ஏமாத்த முடியுமா?

சிவப்பணுவாவது செத்துப் பொறக்குது. கொலாஜன் வருஷக்கணக்கா அங்கியே கீது. அதுல கொக்கி மேல கொக்கி. நாங்க தொட்டியில செஞ்சதை, சர்க்கரை உன் உடம்புக்குள்ள மெதுவா செய்யுது. ரொம்ப வருஷச் சர்க்கரைக்காரங்க சில பேருக்குக் கை தோலு விறைச்சு, விரலு நேரா நிமிராது. டேனரியில பதம் ஆனா காசு. உடம்புல ஆனா?

நரம்பும் மழுங்கும். காலுல ஆணி ஏறுனா கூட தெரியாது. அந்தப் பாடம் முழுசா நம்ம ஊருல படிச்சது தான். பால் பிராண்டுன்னு ஒரு டாக்டரு. வெள்ளைக்காரரு, ஆனா 1914ல கொல்லிமலையில பொறந்தவரு. 1946ல வேலூரு சி.எம்.சி.க்கு வந்தாரு. தொழுநோய்க்காரங்க காலு புண்ணாகிக் கரையுறது, வலி தெரியாம அதை அடிபட உடுறதாலதான்னு எடுத்துக் காட்டுனாரு. 1955ல கரிகிரியில ஆஸ்பத்திரி வந்துது. அந்தக் காலுக்குன்னு எம்.சி.ஆர்.ங்கிற மெத்து ரப்பர்ல செருப்பு. 1966ல அவரு அமெரிக்காவுக்கு, கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. அங்க சர்க்கரைக்காரங்க காலுக்கும் அதே பாடம் ஒதவுச்சு. உலகத்துக்கே ஷூ தெச்சுக் குடுக்கிற ஊரு நம்முது. நீ இன்னா போட்டுக்கினு வந்திருக்க? முன்னாடி ஊசியாட்டம், விரலு அஞ்சையும் ஒண்ணா நெருக்கிக்கினு.

துன்னுட்டுப் பாலாத்தங்கரை வரைக்கும் ஒரு நடை நடந்திருந்தியானா, காலுச் சதையே இன்சுலினுக்குக் காத்திருக்காம கொஞ்சம் குளுக்கோஸை இழுத்துக்கினு இருக்கும். அது போன்ல படமா வராதோ இன்னாவோ, நீ ஆட்டோ புடிச்ச. டாக்டரு குடுத்த மாத்திரையை மட்டும் என் பேச்சைக் கேட்டு நிறுத்திப்புடாதே. நான் தோல்காரன்.

சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. போறதுக்கு முந்தி தாத்தனுக்கு ஒரு கும்பிடு போடு. மரியாதைக்குக் கேக்கல. ரெண்டு உள்ளங்கையும் நடுவுல சந்து இல்லாம ஒட்டுதான்னு பாக்கணும்.