40 எம்பி செயலாளர்

எல்லா அடுக்ககத்திலும் ஒருவர் இருப்பார். வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்று, குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளராக மறுபிறவி எடுத்தவர். பொதுக்குழு நெருங்கி ஆண்டறிக்கைக்கு உட்கார்ந்துவிட்டார் என்றால் வீட்டில் மிக்சிகூட ஓடக்கூடாது.

எழுத்தில் அவருக்குச் சிக்கலே கிடையாது. ‘மேற்படி தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது’ என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார். படம்தான் படுத்தும். சம்ப் கழுவிய படத்தை அரை அங்குலம் நகர்த்தப் பார்ப்பார். அது போய்க் குடியரசு தின விழாவுக்குள் குந்திக்கொள்ளும். வேர்ட், படத்தையும் ஓர் எழுத்தாகப் பாவித்துத்தான் முதலில் வரிக்குள் வைக்கிறது. ‘ராப் டெக்ஸ்ட்’டில் ‘ஸ்கொயர்’ கொடுத்தால் இஷ்டப்படி நகர்த்தலாம் என்று எடுத்துச் சொன்னால் கேட்கமாட்டார். “ஸ்பேஸ் பார் எதுக்கு சார் இருக்கு?” என்பார். அவர் படங்களுக்கு மேலே எப்போதும் ஒரு முழத்துக்கு என்டர் நிற்கும்.

போனில் எடுத்ததை எடுத்தபடியே ஒட்டுவார். மூலையைப் பிடித்து ஸ்டாம்ப் சைஸுக்குக் குறுக்கிவிட்டால் கோப்பின் எடையும் குறைந்துவிடும் என்பது அவர் கணக்கு. பேரன் வந்தபோது, தாத்தா படமெல்லாம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ எல்லாம் நுழைந்து, படங்களைச் சுருக்காதே என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் பெங்களூரு போய்விட்டான். இனி வரும் எல்லாக் கோப்புக்கும் சேர்த்தே போட்டிருந்தான், நல்ல பிள்ளை. அறிக்கை 40 எம்பி. ஜிமெயில் 25-க்கு மேல் இணைப்பு ஏற்காது. வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: ‘திருத்தம் இருப்பின் தெரிவிக்கவும்.’

திருத்தம் முன்னாள் பொருளாளரிடமிருந்து வந்தது. இருவருக்கும் லிஃப்ட் பராமரிப்புக் கணக்கில் மனஸ்தாபம். அதனால் பொங்கல் விழாப் படத்தில் கரும்போடு நின்றவரைச் செயலாளர் ‘க்ராப்’ பண்ணி வெளியேற்றியிருந்தார். வேர்டில் க்ராப் செய்வது வெட்டுவதல்ல, மறைப்பதுதான். வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். முன்னாள் பொருளாளர் படத்தைத் தொட்டு ‘ரீசெட் பிக்சர் அண்ட் சைஸ்’ கொடுத்தார். கரும்போடு வந்து நின்றார். ஸ்க்ரீன்ஷாட்டைக் குழுவில் போட்டு, கூடவே ஒரு கும்பிடு பொம்மை.

“சிஸ்டம் ப்ராப்ளம்” என்று பதில் போட்டார் செயலாளர். (சங்கத்துப் பிழை எதற்கும் சிஸ்டம்தான் பொறுப்பு.) அன்றிரவே ‘கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்’ சன்னலைத் தேடிப் பிடித்தார். வெட்டிய பகுதிகளை அழி என்பதில் டிக் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துக்கொண்டார். இந்தப் படத்துக்கு மட்டும் என்ற டிக்கை எடுத்துவிட்டார். ஒரு விரோதிக்காக மொத்தக் கட்டடத்துக்கும் தண்டனை. மெயிலில் போகட்டுமே என்று 96 பிபிஐ. சேமித்தார். போனிலிருந்த மூலப் படங்களை முன்பே அழித்தாயிற்று. அதான் வேர்டில் இருக்கிறதே!

பிறகு, ஸ்டாம்ப் அளவிலிருந்த பொங்கல் படத்தை அட்டைக்காக முழுப்பக்கத்துக்கு இழுத்தார். முகங்களெல்லாம் கட்டம் கட்டமாக, கோலப்பொடி சிந்தியது போல வந்தன. அப்படியே அச்சுக்குப் போயிற்று.

பொதுக்குழுவில் முன்னாள் பொருளாளர் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“இடமிருந்து மூணாவது நான்தானே சார்?”

செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அது தானா, தன் மனைவியா என்பதே அவருக்குப் பிடிபடவில்லை.

“இருக்கலாம் சார்.”

“அப்ப அதை மினிட்ஸ்ல ஏத்திடுங்க.”