டயராகப் பிறந்திருக்க வேண்டும்

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பிறவி எடுப்பதென்றால் டயராகப் பிறக்க வேண்டும். ஓடுவதற்கு முன் மின்சாரக் கம்பளி போர்த்திப் பதமான சூட்டில் வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே ஒருவர் நின்று காற்றழுத்தம் பார்ப்பார். மேனியில் ஒரு கீறல் விழுந்தால் ஊரே கூடிவிடும். ஓட்டுநராக மட்டும் பிறந்து தொலைத்துவிடக் கூடாது.

2023 அக்டோபர், கத்தாரின் லுசைல். வெள்ளிக்கிழமை ஓடிய டயர்களைப் பிரெல்லி நிறுவனத்தார் சோதித்தார்கள். பக்கவாட்டில் ரப்பர், உள்ளிழையை விட்டுப் பிரியத் தொடங்கியிருந்தது. ஓடுதளத்தின் ஓரக்கட்டைகளில் அதிவேகமாக ஏறி இறங்கிய காயம். சர்வதேச வாகனச் சம்மேளனமான ஃபியா பதறிவிட்டது. 12, 13ஆம் வளைவுகளில் வெள்ளைக்கோட்டை 80 செ.மீ. உள்ளே தள்ளினார்கள். புதுக்கோட்டுக்குப் பழக 10 நிமிடம் ஒதுக்கினார்கள். ஞாயிறன்று எந்த டயரும் 18 சுற்றுக்கு மேல் ஓடக் கூடாது என்று ஆணையிட்டார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, 300 கி.மீ. வேகத்தில் டயர் வெடித்தால் ஆள் போய்விடுவான்.

டயருக்கு 18 சுற்று. ஆளுக்கு? 57.

இன்னொரு கூத்தும் உண்டு. வழக்கமாக டயர் தேய்ந்துவிடாமலிருக்க ஓட்டுநர் கொஞ்சம் பதமாக ஓட்டுவார். உடம்புக்கு மூச்சுவிடக் கிடைப்பது அந்த இடைவெளிதான். 18 சுற்றில் டயரைக் கழற்றி எறியப்போகிறார்கள் என்றால் எதற்குப் பதம்? ஒவ்வொரு சுற்றும் உயிரைக் கொடுத்து ஓட்டு. டயரைக் காப்பாற்றப் போட்ட விதி, மனிதனை இன்னும் கொஞ்சம் வேகவைத்தது.

இரவுப் பந்தயம்தான். ஆனாலும் வெளியே 30 டிகிரிக்கு மேல். பிழிந்தால் சொட்டும் ஈரக்காற்று. தீப்பிடிக்காத உள்ளாடை, அதன்மேல் அங்கி, தலையுறை, ஹெல்மெட், முதுகுக்குப் பின்னால் என்ஜின். குடிக்க வைத்த தண்ணீர் சில சுற்றுகளில் டீ பதத்துக்கு வந்துவிடும், சர்க்கரைதான் பாக்கி. எஸ்தபான் ஓகான் 15, 16ஆவது சுற்றுகளில் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தார். கழற்றவும் முடியாது, கழுவவும் முடியாது. மிச்சம் 41 சுற்றும் அதே நாற்றத்தோடு ஓட்டி ஏழாவதாக வந்தார். 6 புள்ளி கொடுத்தார்கள். லோகன் சார்ஜென்ட் உடம்பில் நீர் வற்றிப் பாதியில் விலகினார். அலெக்ஸ் ஆல்பனை மருத்துவ மையத்துக்கு அழைத்துப் போனார்கள். இருக்கை சுடுகிறது, டயர் மாற்றும்போது கொஞ்சம் தண்ணீர் ஊற்ற முடியுமா என்று வானொலியில் கேட்டார் இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற அலோன்சோ. நான்கு புது டயர் கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை.

லான்ஸ் ஸ்ட்ரோல் கதைதான் உச்சம். வேக வளைவுகளில் நினைவு தப்பியது, பார்வை மங்கியது என்று இறங்கியபின் சொன்னார். கோட்டைத் தாண்டியதற்காக அவருக்கு நேர அபராதம் விதித்திருந்தார்கள். கண் இருட்டிக்கொண்டு வந்தவனுக்குக் கோடு தெரியவில்லையாம், என்ன ஒழுங்கீனம்!

இதே லுசைலில்தான் 2022 டிசம்பரில் கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. அந்த ஊர் வெயில் தாங்காது என்று உலகக் கோப்பையையே குளிர்காலத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். அந்தச் சேதி அடுத்த தெருவில் இருக்கும் ஓடுதளத்தை அடையவில்லை போலும். எல்லாம் முடிந்தபின் ஃபியா ‘கவலையுடன் கவனித்ததாக’ அறிக்கை விட்டது. கவனிப்பில் அவர்களை மிஞ்ச ஆளில்லை: ஓட்டுநர்கள் முறையான உள்ளாடைதான் அணிந்திருக்கிறார்களா என்று 2022இல் விசாரித்தவர்கள் ஆயிற்றே. உள்ளாடை வரை போன பார்வை, அதற்குள் வெந்துகொண்டிருந்த உடம்பு வரை போகவில்லை.

வெயில் என்ன நேற்று முளைத்ததா? 1982இல் ரியோவில் நெல்சன் பிக்கே வென்ற கையோடு மேடையில் மயங்கிச் சரிந்தார். அவர் காரில் தண்ணீர்த் தொட்டி இருந்தது, பிரேக்கைக் குளிர்விக்கவாம்! அதுவும் எடைக் கணக்கை ஏமாற்றும் தில்லுமுல்லு என்று பிறகு வெற்றியைப் பறித்தார்கள். 1984இல் டாலஸ்: தார் பெயர்ந்த ஓடுதளத்துக்கு அவசரமாக ஒட்டுப் போட்டார்கள். நின்றுபோன காரை முடிவுக்கோட்டை நோக்கித் தள்ளிக்கொண்டுபோன நைஜல் மான்செல், வழியிலேயே சுருண்டு விழுந்தார். வென்ற கேகே ராஸ்பெர்க்கின் தலையில் தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் தொப்பி இருந்தது. ஆக, மருந்து 1984இலேயே கையில் இருந்தது. போட்டவரே ஜெயித்தும் காட்டினார்.

அந்தத் தொப்பி, சட்டையாக மாறி விதிப்புத்தகத்துக்குள் நுழைய 41 வருடம் ஆயிற்று. 2025 விதி இது: வெப்பக் குறியீடு 31 டிகிரியைத் தாண்டும் என்று தெரிந்தால் ‘வெப்ப அபாயம்’ அறிவிப்பார்கள்; காரில் குளிரூட்டும் கருவி இருக்க வேண்டும்; அதற்காக 5 கிலோ கூடுதல் எடைக்கு இடம். முதல் அறிவிப்பு 2025 அக்டோபரில், சிங்கப்பூரில். அந்தக் கருவியோடு இணையும் குளிர்ச் சட்டையை அணிவதும் அணியாததும் அந்த ஆண்டு ஓட்டுநரின் விருப்பம்.

அணியாவிட்டால்? காரில் அரைக் கிலோ பாரம் ஏற்றினார்கள். அவர் மயங்கி விழலாம். அரைக் கிலோ இலேசாக மட்டும் விழக் கூடாது.