கேள்வியைக் கெணத்துல போடு, பேராண்டி

ஏலே பேராண்டி, பௌதிகத்துல மார்க்கு கொறஞ்சதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? ஊரே ஒன்னைய மண்டுங்கு. நான் சொல்ல மாட்டேன். 2018-ல வந்த ஒன் பதினோராம் வகுப்புப் பொஸ்தகத்தை நானும் கண்ணாடி போட்டுப் புரட்டினேன். இயற்பியல் முதல் தொகுதி ரெண்டாம் பாடத்துலயே வெக்டாரு, வகையிடல், தொகையிடல்னு வந்து நிக்கி. கணக்குப் பொஸ்தகமோ அதையெல்லாம் ரெண்டாம் தொகுதியில பத்திரமா வச்சிருக்கு. தாலி கட்டினப்புறம் பொண்ணு பாக்கப் போன கதைதான்!

பொழைக்க வழி சொல்லுதேன், கேட்டுக்கோ. புக்பேக் ஒரு மார்க்கை உருப்போடு. லேப்ல ஊசலை ஆட்டிக் கை நோகாத. சீனியர் ரெக்கார்டுல 9.8 தயாரா இருக்கும். முக்கியமா, கேள்வி மட்டும் கேட்டுராத. பாவம், சார் போர்ஷன் முடிக்காண்டாமா?

நேத்து கெணத்துல தண்ணி எறங்கி, மேல இருந்த மோட்டார் சும்மா உறுமுச்சு. அஞ்சாப்பு தாண்டாத ஒஞ் சித்தப்பன் அதைப் படிக்குக் கீழ எறக்கினான், தண்ணி பாஞ்சுது. ஏன்லேன்னு கேட்டா, "சிலபஸ்ல இல்ல தாத்தா"ங்க. காத்தழுத்தம் எவ்வளவுன்னா மட்டும் தூக்கத்துலயும் சொல்லுவ, "76 செ.மீ. பாதரசம்!" பாதரசம் தண்ணியைவிட 13.6 மடங்கு கனம். பெருக்கிப் பாரு, பத்து மீட்டர் சொச்சம், 34 அடி. கொழாய்க்குள்ள தண்ணிய மேல தள்ளுதது வெளிக்காத்துதாம்லே. அதோட தெம்பு அம்புட்டுத்தான். நடப்புல 25 அடியிலயே மோட்டாருக்கு மூச்சு வாங்கும்.

ஒரு அளவுக்கு மேல தண்ணி ஏறாதுங்கிற இந்தச் சங்கதியை ஒரு பம்பு ரிப்பேர்காரன் சொன்னதா கலிலியோ 1638-ல எழுதினாரு. காரணத்தைத் தப்பாத்தான் சொன்னாரு. மார்க்கு போட ஆளில்லாததால தப்பிச்சாரு. அவரு சிஷ்யப்பிள்ளை டாரிசெல்லி 1643-ல பாதரசக் கொழாயைக் கவுத்து விடையைக் காட்டினாரு. அவியளுக்குக் கேள்வி மொதல்ல வந்துச்சு. ஒனக்கு விடையை ஊட்டிட்டு, கேள்வியைப் பரீட்சை ஹால்லதான் கண்ணுல காட்டுதாவ.

சாயந்தரம் கயிறோட கெணத்துக்குப் போ. ஆழத்தை அளந்து, மோட்டாரை எங்க வைக்கணும்னு நீயே சொல்லு. தப்பாச் சொன்னா கலிலியோவுக்குக் கூட்டாளி. சரியாச் சொல்லிட்டா மட்டும் வெளிய மூச்சு விடாத. ட்யூஷன் சார் வயித்துல அடிச்ச பாவம் நமக்கெதுக்குலே?