சுங்கை பாக்காப் ஸ்கேன் புராணம்

ஒரு படத்தைப் பார்த்ததுமே எதிரில் இருப்பவன் யாரென்று தெரிந்துகொள்ளும் வித்தையை 1994இல் ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தார்களாம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் சுங்கை பாக்காப்காரர்கள் இந்தப் பெருமையை அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இந்த வட்டாரத்தில் கரும்பு வளர்த்த காவ் பூ ஆன் ஒரு தியோச்சூ சீனர். கரும்பு முதலாளி மட்டுமல்ல, கீ ஹின் இரகசியச் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர். அந்தச் சங்கத்துக்காரர்கள் விசிட்டிங் கார்டு அடிப்பதில்லை. புது ஆள் வந்து உட்கார்ந்தால் அவன் முன்னால் டீக்கோப்பைகளை ஒரு தினுசாக அடுக்குவார்கள். எதை நகர்த்துகிறான், எதைக் குடிக்கிறான், எதைத் தொடாமல் விடுகிறான் என்பதிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். சரியாக எடுத்தால் அண்ணன் தம்பி. தப்பாக எடுத்தால் டீ ஆறுவதற்குள் விசாரணை.

இரகசியம் என்றால் கசியத்தானே வேண்டும்? 1863இல் சுமத்ராவின் பாடாங் நகரில் டச்சுப் போலீஸ் கையில் சங்கத்து ஏடுகள் சிக்கின. மூன்றே வருடத்தில் குஸ்தாவ் ஷ்லேகல் என்ற மொழிபெயர்ப்பாளர் கோப்பை அடுக்கும் முறை உட்பட எல்லாவற்றையும் புத்தகமாகப் போட்டு விற்றார். பாஸ்வேர்டு ஊர் சிரிப்பது நம் காலத்து நோய் என்று யார் சொன்னது? 1890இல் ஆங்கிலேய அரசு சங்கங்களையே தடை செய்தது. அதற்குப்பின் கோப்பையில் டீ மட்டுமே இருந்தது.

கரும்பு தானாக வெட்டிக்கொள்ளாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் வந்து இறங்கினார்கள் நம்மாட்கள். பேர், அப்பன் பேர், ஊர் என்று சொன்னதை, துரையின் குமாஸ்தா தன் காதில் விழுந்த மாதிரி எழுதிக்கொண்டார். ஆட்டோ கரெக்ட் அப்போதே வந்துவிட்டது. ஒப்பந்தத்தை மீறி ஓடினால் ஜெயில். 1910இல் அந்த ஒப்பந்த முறை ஒழியும்வரை நம் தாத்தன்மாரின் விவரங்களை உலகமே ஆவலாகத் தேடிக்கொண்டிருந்தது, ஓடியவரை இன்னும் கூடுதல் ஆவலாக.

இலங்கைத் தேயிலைத் தோட்டத் துரைமார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1900களின் தொடக்கத்தில் தகர டிக்கெட் கொடுத்தார்கள். எந்த வட்டாரம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பதெல்லாம் தகரத்தில் குத்தியிருக்கும். படிக்கத் தெரியாதவன் வாயைத் திறக்காமல் கடல் தாண்டித் தோட்டம் போய்ச் சேரலாம். வழிச்செலவு? அது தோட்டத்துக் கணக்கில் கடனாகக் காத்திருக்கும். டிக்கெட்டைக் காட்டினால் காசு கழியும் ஏற்பாட்டை நாம் இன்று டூயிட்நவ் என்கிறோம்.

பிறகு மலாயாவில் 1948. அவசரகாலம் பிறந்ததும் பன்னிரண்டு வயது தாண்டிய எல்லோருக்கும் போட்டோவும் கைரேகையும் வைத்து அடையாளக் கார்டு கொடுத்தது அரசு. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் அதைப் பிடுங்கிக் கிழித்தார்கள். ரோட்டில் நின்ற போலீஸ், "கார்டு எங்கே?" என்றது. ஒருவன் வைத்திருந்தால் அடிப்பான், இன்னொருவன் இல்லாவிட்டால் அடிப்பான். இரண்டு தரப்புக்கும் வேண்டப்பட்ட கார்டு அதற்கப்புறம் வரவே இல்லை. 2001இல் சிப் வைத்த மைகார்டு வந்தபோது அதைக் கிழிக்கவாவது ஓர் ஆள் இருந்தானா?

இனி அந்த ஜப்பான்காரர். டென்ஸோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா, கார் உதிரிபாகப் பெட்டிகளைக் கணக்கெடுக்கவே கியூஆரை உருவாக்கினார். கறுப்பு வெள்ளைக் காய் வைத்து ஆடும் ‘கோ’ ஆட்டம்தான் யோசனை கொடுத்ததாம். மூலைக்கு ஒன்றாக மூன்று சதுரம், தலைகீழாகப் பிடித்தாலும் கேமராவுக்குத் திசை தெரிய. முப்பது சதவீதம்வரை அழிந்தாலும் படிக்கலாம். பெட்டிக்குச் செய்ததை மனிதன் தன் நெற்றியில் ஒட்டிக்கொள்வான் என்று பாவம் அவர் நினைத்திருக்கமாட்டார்.

2020இல் கொரோனா நமக்குப் பயிற்சி கொடுத்தது. முதலில் கடை வாசலில் நூல் கட்டிய பேனாவும் நோட்டும். பேர் எழுதுவோம், போன் நம்பரில் ஓர் இலக்கம் எப்படியோ கைதவறும். பின்பு மைசெஜாத்ரா செயலி. ரொட்டி சானாய் வாங்கவும் ஸ்கேன், தலைமுடி வெட்டவும் ஸ்கேன். 2022 மே மாதம் அரசு போதும் என்றது. ஆனால் கை பழகிவிட்டதே!

அந்தப் பழகிய கையில்தான் இப்போது டிஜிட்டல் விசிட்டிங் கார்டு. கல்யாண மண்டபத்தில் மோர் டம்ளரோடு திரும்பினால் இன்சூரன்ஸ் தம்பி நிற்கிறார். "அண்ணே, கார்டெல்லாம் இல்லண்ணே, ஸ்கேன் பண்ணுங்க." போனை நீட்டுகிறார். உள்ளே விகார்டு, 1995இல் ஆப்பிள், ஐபிஎம் முதலான கம்பெனிகள் சேர்ந்து வகுத்த முறை. பேரும் நம்பரும் மட்டும் போட்டால் கட்டங்கள் பெரிதாக, உடனே படிக்கும். நம் தம்பி விடுவாரா? கோயில் துணைத்தலைவர், கால்பந்துக் கிளப் ஆலோசகர், மூன்று நம்பர், இரண்டு ஈமெயில். பட்டம் ஏற ஏறக் கட்டம் பொடியாகி, கடைசியில் கொசுவலை மாதிரி ஆகிவிடுகிறது. கேமரா முறைத்துப் பார்க்கிறது. "கொஞ்சம் தள்ளிப் புடிங்கண்ணே. வெளிச்சத்துக்கு வாங்கண்ணே."

இதைத் தவிர்க்க, விவரத்தை எங்கோ சர்வரில் வைத்து, கட்டத்துக்குள் லிங்க்கை மட்டும் போடுகிறார்கள். சந்தா கட்டும்வரை அண்ணன் உயிரோடு இருப்பார். கட்டாவிட்டால், ஸ்கேன் செய்பவருக்குத் தெரிவது "பக்கம் கிடைக்கவில்லை". தகர டிக்கெட்டுக்குக்கூட இந்த மாதச் சந்தா இருந்ததில்லை.

தாத்தா ஓடினார், விவரம் கேட்டுத் துரை துரத்தினார். இன்று பேரன் முழு விவரத்தையும் இலவசமாக ஏந்தி நிற்கிறார், மண்டபமே மோரைக் கீழே வைத்துவிட்டு ஓடுகிறது.